தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்

கதவுதான் அக்கா. பீரோக் கதவு. மேலே சுற்றியிருப்பது என் பெண்ணின் யானைப் போர்வை. உங்கள் தோளில் இடிக்கிறதா? ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன்.

கேட்டதில் தப்பில்லை, இருக்கட்டும். காலையில் ஓசூரில் ஏறும்போது கண்டக்டரும் கேட்டார். "என்னம்மா, கதவோட ஏறுறீங்க, வீடு பின்னாடி லாரியில வருதா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. லக்கேஜ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு குனிந்தவள், தருமபுரி வரை நிமிரவில்லை. திரும்பும்போதும் அதே கதவு. கொடுக்கத்தான் போனேன். கொண்டு வருகிறேன்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. எம்.எஸ்சி. படிக்கும்போது வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் மார்க்கை விட்டவள். பேச மாட்டேனே தவிர, எல்லாம் கவனிப்பேன். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் இடது செருப்பை மட்டும் கழற்றினீர்கள். அந்தக் கால் வீங்கியிருக்கிறது. அப்படி, எல்லாம் என் கண்ணில் படும். படாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அதில்தான் இத்தனையும்.

எங்களுடையது வாடகை வீடு. ஓர் அறை, ஒரு ஹால். இவர், குமரவேல், கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி ஓசூர் வந்தபோது ஒரு மெத்தையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் இருந்தன. ஊர் புதிது, எனக்குப் பேச ஆளில்லை, பேசவும் வராது. கையாவது எதையாவது செய்யட்டும் என்று ஆரம்பித்தேன். பழக்கடையில் ஆப்பிள் பெட்டி கேட்டு வாங்கி வந்து புத்தக அலமாரி செய்தேன். கேட்டது இவர்தான், நான் கடைக்கு வெளியே நின்றேன். தேய்ந்த ஸ்கூட்டர் டயரில் கயிறு சுற்றி முக்காலி. ஐஸ் குச்சியில் விளக்குக்கூடு. என் சுங்கடிப் புடவை ஜன்னல் திரையானது. இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எது காயாமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் உட்காருவார். "அசையாம நின்னா எனக்கும் ஒரு கோட் அடிச்சுடுவா" என்று எதிர் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது பிடிக்கும்.

ஆதிரை பிறந்த பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது. அவள் தொட்டில் கட்டையே இப்போது ஷூ ஸ்டாண்ட். அவள் துணிக்கு ஒரு பீரோ வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். தருமபுரியில் பழைய மர பீரோ ஒன்று விற்பனைக்கு என்று படம் வந்தது. தேக்கு. குட்டையான இரட்டைக் கதவு, ஐந்தரை அடிதான். பார்த்ததுமே மனதுக்குள் வெள்ளை அடித்து, கைப்பிடி மாற்றி, கீழே வரிசையாகச் சாமந்திப் பூ வரைந்துவிட்டேன்.

போன ஆனி மாதம் குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு போனோம். அந்த வீட்டம்மாவின் தம்பி எங்களிடம் பேசினார். "சீக்கிரம் ஏத்திட்டுப் போயிடுங்க. அக்காவுக்கு இதைப் பார்த்தாலே மனசு சரியில்லாம போகுது" என்றார். அந்த அக்கா உள்ளறை வாசலில் நின்றாள். பீரோவைத் தூக்கும்போது வந்து, இடது கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்போமே, அப்படி. பிறகு உள்ளே போய்விட்டாள். ஹால் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. மாலை தெரிந்தது, சிவப்புச் சின்ன பல்பு தெரிந்தது. எதிர் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடித்ததில் முகம் மட்டும் தெரியவில்லை. இரண்டடி நகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்தவர் வீட்டில் துக்கத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்குமே என்று நகரவில்லை.

இதுதான் அக்கா, நான் கவனிக்காதது.

வீட்டுக்கு வந்து மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கதவைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கக் கோடுகள். பேனாவால் போட்டவை, ஊதா மை. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. 'நிஷாந்த், 1 வயது, 75.' 'நிஷாந்த், 2 வயது, 86.' அப்புறம் மாதா மாதம் ஒன்று. தேதியெல்லாம் பதினோரு, பதிமூன்று வருடம் முந்தையவை. கடைசியாக, 'நிஷாந்த், 3 வயது 5 மாதம், 97.' அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெறும் மரம், என் தலைக்கும் மேலே வரை.

மாதம் தவறாமல் அளந்திருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்த மாலை ஞாபகம் வந்தது. அந்த அக்காவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. பின்னால் ஆதி, "அம்மா, என்ன பாக்குற?" என்று என் ஜடையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுக்கு அப்போது மூன்று முடிந்து சில நாள்தான்.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள், இல்லையா? அந்தத் தம்பியின் நம்பர் என் போனிலேயே இருந்தது. 'உங்கள் அக்கா பையனுக்கு என்ன ஆனது' என்று தட்டச்சு செய்வேன், அழிப்பேன். எத்தனை முறை என்று தெரியாது. பெற்றவளிடம் இதைக் கேட்க எந்த வார்த்தையை எடுப்பது? இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே போன் போட்டுக் கேட்டுவிடுவார்.

கதவைத் தேய்த்தேன். பிரைமர் அடித்தேன், வெள்ளை இரண்டு கோட் அடித்தேன். பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் துணி எடுக்கக் கதவைத் திறக்கிறேன், கோடுகள் வந்திருந்தன. மங்கலான ஊதாவில், எழுத்தெல்லாம் கசிந்து, ஆனால் படிக்கிற மாதிரி. இன்னொரு கோட் அடித்தேன். ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. நாலாவது கோட் அடித்தும் வந்தது.

பெயிண்ட் கடையில் இவர் விசாரித்திருக்கிறார். "பேனா மை அப்படித்தான், பெயிண்டைத் தாண்டி மேல வரும். அரக்கு ஒரு கோட் குடுத்து அடைச்சுட்டு அதுக்கு மேல அடிக்கச் சொல்லுங்க, நிக்கும்" என்றாராம் கடைக்காரர். அவ்வளவுதான் விஷயம். இவர் அரக்கு வாங்கியும் வந்துவிட்டார். அந்தப் புட்டி இன்னும் அடுப்பு மேடைக்குக் கீழே திறக்காமல் இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. உள்ளே ஒரு பிள்ளை நின்று தட்டுகிற மாதிரி இருந்தது. அதன் மேல் எப்படி அடைப்பது?

அப்புறம்தான் ஆதியை நிற்க வைத்தேன். ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்றுதான். தொண்ணூற்று நான்கு.

மூன்று சென்டிமீட்டர் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளிப்பாட்டியதும் அவளை அந்தக் கதவில் சாய்த்து நிறுத்துவேன். தலையில் ஸ்கேலை வைப்பேன். கோடு போட மாட்டேன், கண்ணால் பார்ப்பதோடு சரி. அம்மா ஊரிலிருந்து போனில் பேசும்போது ஆதியே உளறிவிட்டாள். "பிள்ளையை அளக்காதடி, வளர்த்தி நின்னு போகும்" என்று அம்மா திட்டினாள். அது என் காதில் வசவாக விழவில்லை. நிற்கட்டுமே என்று இருந்தது.

ஆடியில் தொண்ணூற்று நாலரை. ஆவணிக் கடைசியில் தொண்ணூற்றாறுக்குப் பக்கம். அந்தப் பையனின் கடைசிக் கோட்டுக்கும் என் பெண்ணின் உச்சிக்கும் நடுவில் என் சுண்டு விரல்தான் நுழைந்தது. அன்று இரவு முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் கொடுத்தேன். இவர்தான் சும்மா, "இன்னொரு தோசை போடேன், பிள்ளை தட்டையே பாக்குது" என்பார். வயிறு நிறைந்திருக்கும், கண்தான் கேட்கும், குழந்தைகள் அப்படித்தானே. இரண்டு மூன்று நாள் பால் திரிந்துபோனது, கொடுக்கவில்லை. முட்டை சூடு என்று நிறுத்தினேன். வேறு ஒன்றும் நான் செய்யவில்லை. எந்தத் தாயும் செய்ய மாட்டாள். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

காவேரிப்பட்டணம் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா அக்கா? இந்தாருங்கள்.

புரட்டாசியில் அவள் வளர்வது நின்றுவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். ஸ்கேலை வைத்தால் தொண்ணூற்றாறு. மறுநாளும் தொண்ணூற்றாறு. ஒரு நாள் அதற்கும் கீழே. எனக்கு மூச்சு வந்தது. அவளைத் தூக்கி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "என் செல்லம், வளரவே இல்லை" என்றேன். அவள் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். அப்புறம் அதுவே விளையாட்டானது. குளித்து முடித்ததும் ஈரக் காலோடு ஓடிப்போய் அவளே கதவில் சாய்ந்துகொள்வாள். "அம்மா, பாரேன், நான் வளரல!" என்பாள். நான் சிரிப்பேன். அவள் முகத்தைப் பார்ப்பேன், ஸ்கேலைப் பார்ப்பேன். அவள் காலைப் பார்த்ததே இல்லை.

எல்லாம் கவனிக்கிறவள் நான்.

போன வெள்ளிக்கிழமை இவர்தான் ஆதியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போனார். குளிர் ஆரம்பித்துவிட்டதல்லவா, ஸ்வெட்டருக்கு அளவெடுத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சுவரோரம் நிறுத்தினால், எங்கள் பெண் முட்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறாள். நேராக நில் என்றால் இன்னும் மடக்குகிறாள். மிஸ் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "காலில ஏதாவது பிரச்சினையா சார்? நிமிர்ந்து நில்லுன்னா, 'வளந்தா அம்மாவுக்குப் பயமா இருக்கும்'ங்கிறா."

இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பள்ளிக்கூடத்துல ஆதியைத் தூக்கி நிமிர்த்திப் பிடிச்சு அளந்தாங்க. எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தெட்டு" என்றார்.

அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள் அக்கா. என்றைக்கோ தாண்டிவிட்டாள். பதினைந்து நாளோ ஒரு மாதமோ ஆகியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? நான் ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறதா என்று.

அப்போதுதான் எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். நிஷாந்த், மாலை, தொண்ணூற்றேழு, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, கீலைக் கழற்றிக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நானே கேட்டுச் சொல்லிடுவேன். ஆனா நான் கேட்டா உனக்கு நம்பிக்கை வராது. நீ போ. குடுத்துட்டு, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு உன் வாயால கேட்டுட்டு வா" என்றார். ஆதி கதவு இருந்த இடத்தில் நின்று பார்த்தாள். சாய இடமில்லை. அப்படியும் முட்டியை மடக்கினாள்.

இன்று காலை பத்தரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். மணியை அடிக்க எவ்வளவு நேரமானது என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டு நாய் குரைத்துக் குரைத்து அதுவே படுத்துவிட்டது. கடைசியில் அடித்தேன். கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு ஒரு பையன் வந்து திறந்தான். அரும்பு மீசை. என்னைவிட ஒரு கை உயரம்.

"அம்மா, யாரோ கதவு விக்க வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"இல்ல தம்பி," என்றேன். "நிஷாந்த்... நிஷாந்த் வீடு..."

"நான்தான் நிஷாந்த். சொல்லுங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோய்க் கொய்யாவை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினான். திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. கண்ணாடியில் வெளிச்சம் இல்லை. மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு மனிதர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தது.

அந்த அக்காவின் பெயர் வசுமதி. என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் போர்வையைப் பிரித்ததும் வெள்ளைப் பெயிண்டைப் பார்த்தாள், சாமந்திப் பூவைப் பார்த்தாள். கதவைத் திருப்பிக் கசிந்த கோடுகளை விரலால் தடவினாள்.

"எத்தனை கோட் அடிச்சீங்க?"

"நாலு."

"நாலுக்கும் போகலையா?" சிரித்துவிட்டாள். "மனுஷன் உயிரோட இருக்கும்போதும் இதே பிடிவாதம்தாம்மா."

ஒன்றாம் தேதியானால் அவருக்கு முதல் வேலை பிள்ளையை அளப்பதுதானாம். டீகூட அப்புறம்தான். அந்த மாசியில் ஒருநாள் பைக்கில் வேலைக்குப் போனவர், பைபாஸ் ரோட்டில் விபத்தில் போய்விட்டார். "அதுக்கப்புறம் யார் அளக்கறது? நான் அளந்திருக்கலாம். அவர் எழுத்துக்கு மேல என் எழுத்தை எழுத மனசு வரல. வருஷமெல்லாம் அந்த வெறும் மரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கவும் முடியல. அதான் தம்பியை வித்துடச் சொன்னேன்" என்றாள். அப்புறம், "நீங்க என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் எழுந்து போய் மகன் தலையில் கை வைத்துவிட்டு வந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளை நின்றுவிடவில்லை அக்கா. அளந்தவர்தான் நின்றுபோனார். இந்த ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் அளந்துகொண்டிருந்தது நான். இல்லை, இதை யோசிக்க மாட்டேன் என்று இவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். போனில் சொன்னதும் இவர் வாங்கிய முதல் சத்தியம் அதுதான்.

அந்தப் பையனுக்கு ஒரே குஷி. அது அம்மாவின் பீரோவாம், தன் கோடுகளை அவன் பார்த்தே பல வருடமாம். கதவைச் சுவரில் நிறுத்தினான். "இருடா" என்று வசுமதி அக்கா இரண்டு தடிப் புத்தகங்களைக் கதவுக்கு அடியில் வைத்தாள். பீரோவில் இருந்தபோது தரைக்கும் கதவுக்கும் நாலு விரல் இடைவெளியாம். அளப்பது நின்று பதினோரு வருடமாகியும் மறக்கவில்லை. அவன் முதுகைச் சாய்த்து நின்று, "இவ்ளோதான் இருந்தேனா நான்?" என்று அந்தக் கடைசிக் கோட்டுக்குத் தலையைக் கொண்டுவர, சிரித்துக்கொண்டே முட்டியை மடக்கினான். மடக்கி, இன்னும் மடக்கி, அத்தனை பெரிய பையன்...

"நிமிரு!" என்று கத்திவிட்டேன்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எதிர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பையன் விறைத்து நின்றான். வசுமதி அக்கா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்தாள். மகனின் தலைமேல் புத்தகத்தை வைத்து, என் வெள்ளைப் பெயிண்டின் மேல் ஒரு கோடு போட்டாள். 'நிஷாந்த், 14 வயது, 166.' கோணல் எழுத்து. பக்கத்தில் வேறு கோடு ஒன்றுமில்லை. கீழே அந்த அழகான எழுத்து எங்கோ தொண்ணூற்றேழில் இருந்தது. நடுவில் அத்தனையும் வெள்ளை.

அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கதவை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே கொண்டு போங்க. நடுவுல நிறைய இடம் கிடக்கு. உங்க பொண்ணு வளந்துக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது, "நல்லா சாப்பாடு போடும்மா அவளுக்கு" என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டைப் பற்றி நான் எதுவும் தவறாகச் சொல்லவில்லையே அக்கா? பால் திரிந்ததையும் முட்டையையும்தான் சொன்னேன்.

சூளகிரி எப்போது போனது? பேச்சில் தெரியவில்லை.

ஆதியிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நிமிர்ந்து நில் என்று மிஸ் சொல்லிவிட்டார், இவர் சொல்லிவிட்டார். கேட்டால் சிரிக்கிறாள். இரண்டு மாதமாக அவள் குட்டையானபோதெல்லாம்தானே நான் முத்தம் கொடுத்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை எந்த வார்த்தையால் திரும்ப வாங்குவது? பஸ்ஸில் வரும்போது வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தேன். உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன், அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓசூர் வந்துவிட்டது. அதோ, டீக்கடை ஓரம் நீலச் சட்டை, அவர்தான். கையைப் பிடித்திருக்கிறாளே, அவள்தான் ஆதி. புது ஸ்வெட்டர் வந்துவிட்டதா? கை நீளமாக இருக்கிறது, மடித்து விட்டிருக்கிறார். நம் பஸ்ஸைத் தேடுகிறாள். பார்த்துவிட்டாள்.

என்னை இல்லை அக்கா. ஜன்னலில் இந்தப் போர்வையை. அவள் யானைப் போர்வையாயிற்றே. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

சிரிக்கிறாள். பாருங்கள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே... முட்டி மடங்குகிறது. அவர் கவனிக்கவில்லை, பஸ்ஸைப் பார்க்கிறார். மடங்கிக்கொண்டே போகிறது.

அக்கா, ஓர் உதவி செய்வீர்களா? இந்தக் கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கனமில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு அவர் வந்து வாங்கிக்கொள்வார். ஜன்னலிலிருந்து எடுத்துக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், அவளுக்குத் தெரியாதபடி.

நான் முதலில் இறங்குகிறேன். வெறுங்கையோடு இறங்குகிறேன்.